டார்லீன் சுமார்தான்

அந்த மிஷின்ல போடாதீங்க அக்கா. அது தண்ணியைக் குடிச்சுட்டு துணியைத் திருப்பித் தராது. போன வாரம் ஒரு மனுஷனோட ஜீன்ஸை உள்ள வச்சுப் பூட்டிக்கிச்சு. பாவம், இடுப்புல டவலைக் கட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தார். மூணாவதுல போடுங்க, அது நல்ல மிஷின்.

ஆமா, தமிழ்தான். நீங்க தமிழ்னு எனக்கு உள்ள வரும்போதே தெரிஞ்சுபோச்சு. முகத்தை வச்சு இல்ல, பையை வச்சு. தாம்பூலப் பையில அழுக்குத் துணி கொண்டுவர்ற ஜனம் உலகத்துல வேற யாரு? 'கமலவேணி – ஜெகதீசன்'னு பேர் போட்டிருக்கே, உங்க கல்யாணமா? தங்கச்சி கல்யாணமா. சரி சரி. பை தாங்குது, கெட்டிப் பை.

என் பேரு இசக்கிதேவி. இங்க எல்லாரும் இஸின்னு கூப்பிடுவாங்க. கேட்டா கிளிக்குப் பேர் வச்ச மாதிரி இருக்கும், பழகிருச்சு. இந்த ரோட்டுக் கடைசியில முதியோர் இல்லம் இருக்குல்ல, அதுல லாண்டரியில வேலை. இந்த எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட் இருக்கே, ரெண்டு வருஷமா அதை மடிக்கிறேன். இன்னும் ஒண்ணைக்கூட மடிச்சதில்ல. உருட்டித்தான் வைக்கிறேன். நாள் பூரா அடுத்தவங்க துணி. ஞாயித்துக்கிழமை இங்க வந்து எங்க துணி.

பிள்ளையை விட இடம் தேடுறீங்களா? அடுத்த வாரமே வேலையா? அப்ப டார்லீன்தான். மேப்பிள் தெருவுல பச்சை வீடு. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறா. எப்படின்னு கேக்கறீங்களா?

சுமார்தான்.

என்ன சொல்றது, சுமார்தான் அக்கா. எனக்கு அவ மேல ஒரு மனத்தாங்கல்கூட உண்டு. துணி சுத்தி முடிக்க நாப்பது நிமிஷம் ஆகும், சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு இந்தத் திருஷ்டி, கண்ணு படுறது, இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டர் பிலோமினா, கையில கறுப்புக் கயிறு கட்டிட்டு வர்ற பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு கத்திரிக்கோலால வெட்டுவாங்க. நான்தான் கத்திரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால போவேன். அப்படி வளர்ந்தவ. அதனால நம்பிக்கை எல்லாம் இல்ல.

ஆனா பாருங்க, என் மக வடிவு ஏழாம் மாசத்துல பிறந்தவ. பூனைக்குட்டி மாதிரி இருந்தா. ஒரு மாசம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. நர்ஸ் ஒருத்தி வந்து 'எவ்வளவு அழகா தேறிட்டா'ன்னு சொன்னா, அன்னிக்கு ராத்திரியே மூச்சு திணறிருச்சு. நம்பிக்கை இல்ல. ஆனா அன்னிலேருந்து கன்னத்துல ஒரு மைப்பொட்டு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு.

டார்லீன்கிட்ட கொண்டுபோய் விட்ட முதல் நாள். அம்பது வயசுக்கு மேல இருக்கும் அவளுக்கு, ஆள் பீரோ மாதிரி இருப்பா. வாயில எப்பவும் சூயிங்கம். சிகரெட்டை விட்டதுக்காம். வடிவைத் தூக்கினா பாருங்க, ஆரம்பிச்சுட்டா. "ஐயோ ஹனி, என்ன அழகு! என்ன கண்ணு! இந்தத் தொடையைப் பாரேன், பன்னு மாதிரி! என் வாழ்க்கையில இப்படி ஒரு குழந்தையைப் பாத்ததே இல்ல!"

மூச்சு விடாம சொல்றா அக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே நிக்கிறேன். பொட்டு இருக்கு, பொட்டு பாத்துக்கும்னு நினைச்சுக்கிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பாத்தா பொட்டைக் காணோம். ஈரத் துணியால துடைச்சுட்டா! மறுநாள் பெரிசா வச்சேன். அதையும் துடைச்சுட்டா. மூணாம் நாள் கேக்கறா, "ஹனி, உங்க வீட்டுல கரி அடுப்பா? தினமும் இவ மூஞ்சியில ஏதோ ஒட்டிக்கிட்டு வருதே." பெத்தவ பிள்ளை மூஞ்சியைக்கூடத் துடைக்காம அனுப்புறான்னு நினைச்சிருக்கா. எனக்கு அவமானமாப் போச்சு.

சொல்ல வேண்டியதுதானேம்பீங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். என் இங்கிலீஷ் எப்படின்னா, 'தபால்காரர்'னு தலைப்பு குடுங்க, ரெண்டு பக்கம் தப்பில்லாம எழுதுவேன். ஸ்கூல் பர்ஸ்ட். ஆனா 'அதைத் துடைக்காத'ன்னு வாயால சொல்லணும்னா வரமாட்டேங்குது. 'தயவுகூர்ந்து தாங்கள்'னுதான் ஆரம்பிக்குது. நான் அந்த வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள அவ அடுத்த பிள்ளைக்கு மூக்கு சிந்தப் போயிடுறா.

அதனால பொட்டை இடம் மாத்தினேன். உள்ளங்கால்ல வச்சேன். சாக்ஸ் மாத்தும்போது கண்டுபிடிச்சுட்டா. கடைசியில காதுக்குப் பின்னால, முடிக்கு அடியில, நல்லா உருண்டையா ஒண்ணு வச்சேன். இனிமே எங்க கண்டுபிடிக்கப் போறன்னு நிம்மதியா வேலைக்குப் போயிட்டேன்.

பத்தரை மணிக்கு எங்க லாண்டரியில ஒலிபெருக்கி கத்துது. "இஸி, உடனே வா, உன் மகளை உண்ணி கடிச்சிருச்சு!"

இங்க உண்ணின்னா சும்மா இல்ல அக்கா. காட்டு மான்லேருந்து வருமாம், கடிச்சா காய்ச்சலாம், கை கால் எல்லாம் வலியாம். கையில இருந்த பெட்ஷீட்டோட ஓடினேன். அது பின்னால கொடி மாதிரி பறக்குது. அங்க போனா டார்லீன் மூக்குக்கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி போட்டுக்கிட்டு, புருவம் பிடுங்குற இடுக்கியைக் கையில வச்சுக்கிட்டு, வடிவைக் கவுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. மத்த அஞ்சு பிள்ளைகளும் சுத்தி நின்னு அழுதுங்க. "அசையாத ஹனி, தலையோட பிடுங்கணும்"ங்கறா.

இடுக்கியால பிடிக்கிறா, வரல. மறுபடி பிடிக்கிறா, வரல. விரலால தடவிப் பாத்தா. விரல் கறுப்பாயிடுச்சு. விரலைப் பாக்கறா, என்னைப் பாக்கறா.

"இது என்ன ஹனி?"

சிஸ்டர் பிலோமினா முன்னாடி நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டேன். "இது புகழ்ச்சிக்கு எதிரானது, மேடம்"னேன்.

"எதுக்கு எதிரானது?"

"தாங்கள் மிகவும் அதிகமாகப் புகழ்கிறீர்கள். தயவுகூர்ந்து புகழ வேண்டாம். புகழ்ந்தால் குழந்தைக்கு ஆகாது."

சூயிங்கம்மை மெல்றதை நிறுத்திட்டா. அப்புறம் சொல்றா, "ஹனி, இந்த வீட்டுல யாராவது எதையாவது கடைசியாப் புகழ்ந்தது என் கல்யாணத்தன்னிக்குத்தான். அதுவும் கேக்கை."

சொல்லிட்டு சிரிச்சா பாருங்க, மேசை ஆடுச்சு.

மறுநாள் காலையில வாசல்ல நின்னு ரெண்டு கையையும் நீட்டுறா. "வந்துட்டியா அசிங்கமே! வா வா, மூஞ்சியும் மூக்கும்! உருளைக்கிழங்குக்கு உடுப்புப் போட்ட மாதிரி!"

எனக்கு எப்படி இருக்கும்? பெத்த வயிறு எரியாதா? என் பிள்ளைக்கு என்ன குறை? நல்ல லட்சணமான பிள்ளை! வேலைக்குப் போற வழியெல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனேன். ஒரு பேச்சுக்குப் புகழ வேண்டாம்னா அதுக்காக இப்படியா திட்டுறது? எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? சுமார்னு சொல்லித் தந்தேன் அப்புறம். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தெரிஞ்ச தமிழ். 'சுமா'ம்பா. 'ர்' வராது.

சரி, அது போகட்டும். என் மனத்தாங்கல் அது இல்ல. இதுக்கு அப்புறம் வர்றதைக் கேளுங்க.

அக்டோபர் வந்துச்சு. வீட்டுக்கு வீடு வாசல்ல பூசணிக்காய் வைக்க ஆரம்பிச்சாங்க. சும்மா இல்ல, கண்ணு குடைஞ்சு, பல்லு வெட்டி, உள்ள மெழுகுவர்த்தி ஏத்தி. நான் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். அடடா, இவங்களும் நம்ம ஜனம்தானா! நம்ம ஊர்ல புது வீட்டுக்கு முன்னால பூசணிக்காயில பூத மூஞ்சி வரைஞ்சு கட்டித் தொங்கவிடுறோமே, அதேதான். நம்மது வெள்ளை, இவங்களுது மஞ்சள், அவ்வளவுதான் வித்தியாசம். வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஊரே திருஷ்டி கழிக்குது. சிஸ்டர் பிலோமினா பாக்கணும் இதை.

டார்லீன் வீட்டுலயும் ஒண்ணு. எதிர் வீட்டுல கிரேபில்னு ஒரு பெரியவர், அவர் வீட்டுல ஏழு! படிக்கு ஒண்ணா, பெரிசுலேருந்து சின்னது வரைக்கும் வரிசையா. அவருக்கு அவ்வளவு திருஷ்டி. இருக்காதா பின்ன, புது கார் வாங்கியிருக்கார். டார்லீனைக் கண்டா அவருக்கு ஆகாது. பிள்ளைங்க சத்தம் போடுதுங்கன்னு எப்பப் பாத்தாலும் திரைச்சீலையை விலக்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பார்.

அந்தப் பூசணிக்காய்ப் பண்டிகை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. பூசணிக்காய் அப்படியே கிடக்கு. யாரும் உடைக்கல! எனக்குப் பதறுது. அது எல்லாத் திருஷ்டியையும் உறிஞ்சி உள்ள வச்சிருக்கு, முகம் எல்லாம் குழிவிழுந்து பூஞ்சை பிடிச்சுப் பாக்கவே கண்றாவியா இருக்கு, அதைப் போய் பிள்ளைங்க தவழ்ந்து போற வாசல்ல வச்சிருக்காங்க. முச்சந்தியில போட்டு உடைச்சாத்தானே கழியும்? பாதி வேலை செஞ்சுட்டு மீதியை மறந்துட்டாங்க.

அந்த நேரம் பாத்து டார்லீன் வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு. கூரை ஒழுகுது. வாஷிங் மிஷின் வெடிச்சிருச்சு. ஆறு பிள்ளைக்கும் ஒண்ணா வயித்தால போகுது. எங்க இல்லத்துல வேலை செய்றவ எல்லாம் அவகிட்டதான் பிள்ளையை விடுறா, எல்லாருமே 'டார்லீனைப் போல உண்டா, டார்லீனைப் போல உண்டா'ன்னு சாப்பாட்டு வேளை பூராவும் பேசுவாளுங்க. எந்தக் கட்டடம் தாங்கும்? அந்த மாசம் இருபதாம் தேதி லைசென்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் அம்மா வரப்போகுது. லைசென்ஸ் போனா டார்லீன் வீடு மூடிடும். மூடினா வடிவை எங்க விடுறது? என் வேலை போகும். இந்த நாட்டுல தங்குறதுக்கு எழுதிப் போட்ட எங்க காகிதம் எல்லாம் அப்ப ஆபீஸ்ல கிடந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தினமும் ஒண்ணுதான் சொல்லுவார், "கார்டு கைக்கு வர்ற வரைக்கும் போலீஸ் கண்ணுல மட்டும் பட்டுடாத." அந்த விண்ணப்ப ஃபாரத்தை எல்லாம் டார்லீன்தான் கூட உக்காந்து நிரப்பிக் குடுத்தா, கண்ணாடி மேல கண்ணாடி போட்டுக்கிட்டு.

எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா யாராவது ஒருத்தர் செய்யணுமே.

ஞாயித்துக்கிழமை பத்து மணி. தெருவே சர்ச்சுக்குப் போயிருச்சு. டார்லீன் மட்டும் போகமாட்டா, அவளுக்கு அன்னிக்கு ஒருநாள்தான் தூக்கம். ஊர்லேருந்து கொண்டுவந்த கற்பூரமும் அரைக்கிலோ குங்குமமும் எடுத்துக்கிட்டுப் போனேன். வடிவு அவங்க அப்பாகிட்ட. டார்லீன் பூசணிக்காயைத் தூக்கினேன். உள்ள குடைஞ்சே வச்சிருக்காங்க, நமக்கு வேலை மிச்சம். குங்குமத்தைத் தண்ணியில கரைச்சு ஊத்தி, மேல கற்பூரம் ஏத்தி, வீட்டைப் பாத்து மூணு சுத்து சுத்தி, நாலு தெரு கூடுற இடத்துல போட்டேன் பாருங்க ஒரு போடு!

அப்படி ஒரு நிம்மதி அக்கா. வயித்துல இருந்த கல்லு இறங்கின மாதிரி.

அப்புறம் தோணுச்சு, நமக்கு மட்டும் கழிச்சுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? கிரேபில் பெரியவர் மனுஷர் இல்லையா? ஏழையும் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுல ரெண்டு, மூலை வீட்டுல ஒண்ணு. மொத்தம் பதினொண்ணு. முழங்கை வரைக்கும் சிவப்பு. ரோடு பூரா சிவப்பும் மஞ்சளும், விதையும் சதையும்.

உடைச்சுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதில்லையா? நேரா நடந்து வர்றேன், கால் கழுவணும்னு டார்லீன் வீட்டைப் பாத்து. பின்னால ஒரு கார் வர்ற சத்தம். நான் திரும்பல. அப்புறம் சர்ர்ர்ருன்னு ஒரு இழுப்பு. நான் திரும்பல. அப்புறம் டமால். ஒரு ஹாரன் நிக்காம அடிக்குது. திரும்பினேனா நான்? மாட்டேனே! முறைன்னா முறை.

டார்லீன் தலையில முடி சுருட்டுற கிளிப்போட கதவைத் திறந்தா. என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா. அவ மூஞ்சி போன போக்கை வச்சுத்தான் பின்னால ஏதோ பெரிசா நடந்திருக்குன்னு புரிஞ்சுது. கிரேபில் பெரியவர் கார் சறுக்கிப்போய் அவர் வீட்டுத் தபால் பெட்டியிலயே இடிச்சு நிக்குதாம். மீன் மாதிரி பெட்டி அது, வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. பெரியவர் இறங்கி ரோட்டைப் பாத்து "கொலை! கொலை!"ன்னு கத்துறார்.

டார்லீன் என் கையைப் பாத்தா. கையைப் பிடிச்சு தரதரன்னு சமையலறைக்கு இழுத்துட்டுப் போயி, சோப்புத் தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் முக்கிட்டா. "கழுவு"ங்கறா. தெருவுல போலீஸ் வண்டி வந்து நிக்குது, இவ என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்றா! சமயம் சந்தர்ப்பம் தெரியுதா பாருங்க. நேத்து வச்ச இறைச்சிச் சட்டி வேற, அடிப்பிடிச்சது.

போலீஸ்காரர் சின்ன வயசு. வாசல்ல நின்னு கேட்டார், "இது யாரு செஞ்ச வேலை?"

எனக்கு சிஸ்டர் பிலோமினா சொல்லித் தந்தது ஒண்ணுதான், செஞ்சதை ஒத்துக்கணும். வாக்கியத்தை மனசுக்குள்ள கிராமர் தப்பில்லாம அடுக்கி, "மதிப்பிற்குரிய ஐயா"ன்னு வாயைத் திறக்கிறேன், டார்லீன் குழாயை முழுசாத் திறந்து விட்டா. தண்ணி சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.

"நான்தான்"னா டார்லீன்.

"பதினொண்ணுமா?"

"ஒண்ணு உடைச்சேன், நல்லா இருந்துச்சு. அப்புறம் நிறுத்த முடியல."

"அந்தச் சிவப்பு?"

"பழச்சாறு."

"அங்க யாரு அது?"

"அவளா? பாத்திரம் கழுவ வந்தவ. காலையிலேருந்து தலையைத் தூக்கல."

பாத்திரம் கழுவ வந்தவளாம்! ஸ்கூல் பர்ஸ்ட் அக்கா நான்!

இதுதான் என் மனத்தாங்கல். குங்குமம் என்னுது, கற்பூரம் என்னுது, பதினொண்ணையும் சுமந்தது என் இடுப்பு. செஞ்சது நானு, பேர் எடுத்தது அவ. ஊர் பூரா 'டார்லீன் பூசணிக்காய் உடைச்சா, டார்லீன் பூசணிக்காய் உடைச்சா'ன்னுதான் பேச்சு. கிரேபில் பெரியவர் புகார் எழுதிப் போட்டு, கோபத்தை அடக்குறதுக்கு ஏதோ வகுப்பாம், எட்டு சனிக்கிழமை போகச் சொல்லிட்டாங்க. போயிட்டு வந்தா. அங்க எல்லாருக்கும் காபியும் பன்னும் குடுப்பாங்களாம். அங்கயும் போய் என் கதையைத் தன் கதையாத்தான் சொல்லியிருப்பா. குளிர் முழுக்க அந்தப் பெரியவர் வாசல் பனியையும் அவதான் தள்ளினா. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டா, உடம்புக்கு நல்லதுங்கறா.

இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் அம்மா வந்துச்சு. நான் வடிவைக் கூட்டிக்கப் போன நேரம், அந்த அம்மா ஒரு பையனைத் தூக்கி வச்சுக்கிட்டு, "இவன் காதுக்குப் பின்னால இது என்ன, உண்ணியா?"ன்னு கேக்குது. பாத்தா ஆறு பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால புருவப் பென்சிலால பொட்டு! டார்லீன் குனிஞ்சு தன் காதையும் மடக்கிக் காட்டுறா, அங்கயும் ஒண்ணு. "புகழ்ச்சிக்கு எதிரானது மேடம்"ங்கறா, நான் சொன்னேனே, அதே வார்த்தை! யாரு சொல்லித் தந்ததுன்னு ஒரு வார்த்தை? ஊஹூம்.

அந்த அம்மா ரொம்ப நேரம் எழுதிச்சு. பூசணிக்காய் விஷயத்தையும் கேட்டுச்சு. "கோபம் வந்துச்சு, இனிமே வராது"ன்னா டார்லீன், பூனை மாதிரி. ரெண்டு வருஷத்துக்குக் குடுக்கிற லைசென்ஸை ஆறு மாசத்துக்குக் குடுத்துட்டுப் போச்சு. மே மாசம் மறுபடியும் வரும்.

அது போனதும் கேட்டுட்டேன். நேராவே கேட்டேன், இங்கிலீஷ்லயே. "செஞ்சது நானாயிருக்க, தாங்கள் எதற்காக அவ்வாறு கூறினீர்கள்?"

அவ வடிவுக்கு ஷூ மாட்டிக்கிட்டே கேக்கறா, "ஹனி, உன் காகிதம் வந்துருச்சா?"

"இல்லை."

"வந்ததும் கேளு, சொல்றேன்."

பாத்தீங்களா, எப்படிப் பேச்சை மாத்துறா!

உங்க மிஷின் நின்னுடுச்சு பாருங்க. எடுங்க, எடுங்க, நான் பிள்ளையைப் பிடிச்சுக்கறேன். பையனா? என்ன பேரு, கபிலனா? ம். சுமாராத்தான் இருக்கான். கோவிச்சுக்காதீங்க. காதைக் காட்டுடா. மை எப்பவும் கைப்பையில வச்சிருப்பேன். எனக்கு நம்பிக்கை எல்லாம் இல்ல.

நாளைக்கே போங்க. ஒரு பிள்ளை வேற ஊர் போயிருச்சு, ஒரு இடம் காலியா இருக்கு. இஸி சொன்னான்னு சொல்லுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, அவகிட்டப் போய் 'நீங்க ரொம்ப நல்லவங்களாமே'ன்னு கின்னு ஆரம்பிச்சுடாதீங்க. வெளியில யாருகிட்டயும் சொல்லாதீங்க. மே மாசம் அந்த அம்மா வர்ற வரைக்குமாவது.

காகிதமா? வந்துருச்சு அக்கா, போன மாசமே. இன்னும் அவகிட்ட கேக்கல. கேட்டா சொல்லிருவா. சொன்னா நான் அங்கயே நின்னு அழுதுகிட்டு எதையாவது சொல்லி வைப்பேன், என் கண்ணே பட்டுரும். அதான் தினமும் காலையில பிள்ளையைக் குடுத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வேகமா வந்துடறது.

யாராவது டார்லீன் எப்படின்னு கேட்டா என்ன சொல்லணும்? சொல்லுங்க பாப்போம்.

ம். அதுதான். சுமார்தான்.